எராஸ்மஸ் விதவுட் பேப்பர்ல யுனிவர்சிட்டியை இணைக்கணுமா? முதல்ல அந்த எக்செல் ஷீட்டைத் திறங்க

ஐரோப்பாவுல ஒரு நடுத்தர சைஸ் யுனிவர்சிட்டியோட ஐடி டீம்ல சேர்ந்திருக்கீங்க, எராஸ்மஸ் விதவுட் பேப்பர் நெட்வொர்க்ல (எராஸ்மஸ்ங்கற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தோட தகவலை யுனிவர்சிட்டிங்க பேப்பர் இல்லாம ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிற நெட்வொர்க் அது, இனிமே ஈடபிள்யூபின்னே சொல்றேன்) இணைக்கிற பொறுப்பை உங்ககிட்ட குடுத்திருக்காங்க, நாமளே கோட் எழுதணுமா, ரெடிமேடா ஏதாவது வாங்கிக்கலாமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், எவ்வளவு நாள் ஆகும், இதுதான் நீங்க கேட்டது. இதே வேலையில இருக்கிறவன்ங்கறதால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். நெட்வொர்க்குக்குள்ள நுழையுறது ஒரு நல்ல டெவலப்பருக்குப் பெரிய விஷயமே இல்ல. ஸ்பெசிஃபிகேஷன் எல்லாம் கிட்ஹப்ல திறந்தே கிடக்கு, எக்ஸ்எம்எல் ஸ்கீமா இருக்கு, டெஸ்ட் பண்ணிப் பார்க்க தனியா ஒரு டெவலப்மெண்ட் நெட்வொர்க்கும் இருக்கு. நாள் எங்க இழுக்கும்னா, உங்க இன்டர்நேஷனல் ஆபீஸ்ல இருக்கிற ஒப்பந்தம், யுனிவர்சிட்டி கோட், டிபார்ட்மெண்ட் பேர் இதெல்லாம் எந்த நிலைமையில இருக்குங்கறதுலதான். எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர்னு உங்க ஆளுங்களுக்கே தெளிவா இல்லேன்னா எவ்வளவு அழகா கோட் எழுதினாலும் பார்ட்னர் பக்கம் எரர்தான் போய் நிக்கும்.

பின்னணி தெரிஞ்சா மத்தது ஈசியா புரியும். எராஸ்மஸ் 1987-ல ஆரம்பிச்சப்போ 11 நாடு, முதல் வருஷம் போன மாணவங்க 3,244 பேர், அந்த அளவுக்குப் பேப்பரே போதும். இப்போ வருஷத்துக்கு லட்சக்கணக்குல போறாங்க, ரெண்டு யுனிவர்சிட்டிக்கு நடுவுல ஒரு ஒப்பந்தம் வேணும், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாமினேஷன் (இவரை அனுப்புறோம்னு சொல்றது), மாணவர், ரெண்டு யுனிவர்சிட்டின்னு மூணு பேர் கையெழுத்து போட்ட லேர்னிங் அக்ரிமெண்ட் (அங்க என்ன படிக்கப்போறார்ங்கற ஒப்புதல்), அங்க போனப்புறம் பாடம் மாறினா அதுக்கு மறுபடியும் மூணு கையெழுத்து, முடிச்சுட்டு வரும்போது மார்க் ஷீட். இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பினா அந்தப் பக்கம் இருக்கிறவங்க அதைப் பார்த்து மறுபடியும் அவங்க சிஸ்டத்துல டைப் பண்ணுவாங்க. இதை மாத்தத்தான் 2015-ல பெல்ஜியத்தோட கெண்ட் யுனிவர்சிட்டி, போலந்தோட வார்சா யுனிவர்சிட்டி மாதிரி சில பேர் சேர்ந்து ஈடபிள்யூபி ப்ராஜெக்டைத் தொடங்கினாங்க. 2021-2027 எராஸ்மஸ் ப்ளஸ் திட்டத்துல சேரணும்னா யுனிவர்சிட்டிக்கு எராஸ்மஸ் சார்ட்டர் (ஐரோப்பிய கமிஷன் குடுக்கிற அங்கீகாரம்) வேணும், அந்த சார்ட்டர்லயே இந்த டிஜிட்டல் மாற்றத்தையும் ஒரு கடமையா வெச்சுட்டாங்க. 2021-ல ஒப்பந்தமும் லேர்னிங் அக்ரிமெண்டும், 2022-ல நாமினேஷன், 2023-ல மார்க் ஷீட்னு முதல்ல தேதி போட்டாங்க, எல்லா இடத்துலயும் அந்தத் தேதிக்கு நடக்கல, சில கட்டம் தள்ளிப்போச்சு. ஆனா போற திசை மாறல, அதனால உங்க மேனேஜ்மெண்ட் "இது நமக்குத் தேவையா"ன்னு கேட்டா சார்ட்டரை எடுத்துக் காட்டுங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஈடபிள்யூபின்னா பிரஸ்ஸல்ஸ்ல எங்கயோ ஒரு பெரிய டேட்டாபேஸ் இருக்கு, எல்லா யுனிவர்சிட்டியும் அதுல டேட்டாவைக் கொட்டுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. நடுவுல இருக்கிறது ரெஜிஸ்ட்ரி மட்டும்தான், அது பழைய டெலிஃபோன் டைரக்டரி மாதிரி, யாருக்கு எந்த நம்பர்னு சொல்லும், நீங்க பேசுறதை அது கேக்காது. ஒவ்வொரு யுனிவர்சிட்டியும், இல்லேன்னா அதோட சாஃப்ட்வேர் கம்பெனியும், தன்னோட சர்வர்ல மேனிஃபெஸ்ட்னு ஒரு ஃபைல் வெக்கணும். எந்த யுனிவர்சிட்டிக்காக இந்த சர்வர் பேசுது, எந்தெந்த ஏபிஐ (ரெண்டு சிஸ்டம் பேசிக்கிற வாசல்) எந்த வெர்ஷன்ல இருக்கு, அதோட அட்ரஸ் என்ன, எந்த சாவியை வெச்சு நான் ரிக்வெஸ்ட் அனுப்புவேன், எல்லாம் அதுல இருக்கும். ரெஜிஸ்ட்ரி அடிக்கடி எல்லா மேனிஃபெஸ்டையும் படிச்சு ஒரே கேட்டலாக் ஆக்கி எல்லாருக்கும் குடுக்கும். எந்த மேனிஃபெஸ்ட் எந்த யுனிவர்சிட்டி பேருல பேசலாம்னும் ரெஜிஸ்ட்ரியில கட்டுப்பாடு இருக்கு, அதனால வேற யாரோ உங்க பேரைச் சொல்லிட்டு உள்ள வர முடியாது. மாணவரோட தகவல் ஒரு வரிகூட ரெஜிஸ்ட்ரி வழியா போறதில்ல, அனுப்புற யுனிவர்சிட்டியிலேர்ந்து வாங்குற யுனிவர்சிட்டிக்கு நேராப் போகுது. உங்க டேட்டா ப்ரொடெக்‌ஷன் ஆபீசர் முதல் மீட்டிங்லயே இதைத்தான் கேப்பாங்க.

அடுத்தது சொந்தக்காரர் விஷயம், இதை மனசுல நல்லா வாங்கிக்கோங்க. மாணவரை அனுப்புற யுனிவர்சிட்டிதான் நாமினேஷனுக்கும் லேர்னிங் அக்ரிமெண்டுக்கும் சொந்தக்காரர், ஒரிஜினல் அவங்ககிட்ட இருக்கும். மார்க் ஷீட்டுக்கு வாங்குற யுனிவர்சிட்டிதான் சொந்தக்காரர். ஒப்பந்தம் மட்டும் ரெண்டு பேருக்கும் சொந்தம், அதனால ஆளுக்கு ஒரு பிரதி, ஆளுக்கு ஒரு ஐடி (அடையாள எண்). ஏதாவது மாறினா சொந்தக்காரர் மத்தவருக்கு ஒரு சின்ன அறிவிப்பு அனுப்புவார், அதுல டேட்டாவே இருக்காது, "இந்த ஐடியில ஏதோ மாறியிருக்கு"ன்னு மட்டும்தான் இருக்கும். மத்தவர் அதைப் பார்த்துட்டு வந்து புதுசா எடுத்துக்கணும். ஏன் டேட்டாவையே தள்ளிவிடலைன்னா, எப்போ கேட்டாலும் சொந்தக்காரர்கிட்ட இருக்கிற இன்னைக்கு நிலவரம்தான் வரணும், வழியில எங்கயோ மாட்டிக்கிட்ட பழைய பிரதி வந்துடக்கூடாது. இதுல ஒரு விளைவு இருக்கு, அறிவிப்பு சில சமயம் தொலையும், உங்க சர்வர் ராத்திரி டவுனா இருந்தா வந்தது வந்தபடியே போயிடும். அதனால அறிவிப்பை மட்டும் நம்பாதீங்க, தினமும் ஒரு தடவையாவது "இந்தத் தேதிக்கப்புறம் என்னென்ன மாறிச்சு"ன்னு கேக்குற இண்டெக்ஸ் கால் ஓடணும். இது இல்லாம லைவ் போன இடத்துல "நாங்க அனுப்பிட்டோம், உங்களுக்கு ஏன் வரல"ங்கற மெயில் ஓயவே ஓயாது.

சரி, கோட் எழுதணுமா வாங்கணுமான்னா, மூணு வழி இருக்கு. ஐரோப்பியன் யுனிவர்சிட்டி ஃபவுண்டேஷன் பக்கத்துலேர்ந்து வந்த ஈடபிள்யூபி டேஷ்போர்டு இலவசம், ப்ரௌசர்லயே ஒப்பந்தம், லேர்னிங் அக்ரிமெண்ட் எல்லாம் பண்ணலாம், வருஷத்துக்கு ஐம்பது பேர் போற சின்ன காலேஜுக்கு இதுவே தாராளம். மூவ்ஆன், மொபிலிட்டி-ஆன்லைன் மாதிரி கட்டண சாஃப்ட்வேர் ரெண்டாவது வழி. மூணாவது சொந்தமா எழுதுறது, இல்லேன்னா நாட்டளவுல பல யுனிவர்சிட்டி சேர்ந்து வெச்சிருக்கிற சிஸ்டம் வழியா வர்றது, போலந்துல யூசோஸ், இத்தாலியில சினெக்கா (Cineca) அமைப்போட எஸ்ஸே த்ரே (ESSE3) இப்படி. என் கருத்தைக் கேட்டா, உங்க யுனிவர்சிட்டி இப்போ எந்த ஸ்டூடண்ட் சிஸ்டம்ல இருக்கோ அதுக்கு ஈடபிள்யூபி மாட்யூல் இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா அதை எடுத்துக்கோங்க, இல்லேன்னா டேஷ்போர்டுல ஆரம்பிங்க. ரெண்டு மூணு டெவலப்பர் நிரந்தரமா இருந்தா ஒழிய சொந்தமா எழுதாதீங்க, ஏன்னா வேலை எழுதறதோட முடியறதில்ல. ஒப்பந்த ஏபிஐ வெர்ஷன் ஆறுலேர்ந்து ஏழுக்கு மாறினப்போ எந்த வடிவத்தை அப்ரூவ் பண்ணினோம்னு காட்டுற ஹாஷ் (உள்ளடக்கத்துலேர்ந்து கணக்குப் போடற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு) கணக்கே வேற ஆயிடுச்சு, நெட்வொர்க்ல இருந்த அத்தனை பேரும் சேர்ந்து நகர வேண்டியிருந்தது. எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிப்போன ஆளோட கோடை வெச்சுக்கிட்டு இந்த மாதிரி மாற்றத்தைத் தாண்ட முடியாது.

வாங்குறதா இருந்தா கான்ட்ராக்ட்ல ஒரே ஒரு விஷயத்தை எழுதி வாங்குங்க: நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறினா ஒப்பந்தங்களோட ஐடி எல்லாத்தையும் மாத்தாம எடுத்துட்டுப் போக முடியணும். உங்க ஐடியைப் பார்ட்னர் தன் பிரதிக்குள்ள எழுதி வெச்சிருப்பார். அது மாறிச்சுன்னா ரெண்டு பிரதிக்கும் நடுவுல இருக்கிற தொடர்பே அறுந்துபோயிடும், நூத்துக்கணக்கான பார்ட்னர்கிட்ட மறுபடியும் முதல்லேர்ந்து பேசணும்.

இப்போ தலைப்புல சொன்ன எக்செல் ஷீட்டுக்கு வரேன், உங்க நேரத்துல பெரும்பகுதி இங்கதான் போகப்போகுது. எந்த இன்டர்நேஷனல் ஆபீஸ்லயும் ஒரு ஷீட் இருக்கும், எந்த பார்ட்னர், எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை பேர், எத்தனை மாசம், எது வரைக்கும் செல்லும்னு. அதுல "2 மாணவர், 10 மாசம்"னு ஒரு வரி இருக்கும். ரெண்டு பேரும் ஆளுக்கு அஞ்சு மாசம், மொத்தம் பத்தா, இல்ல ஆளுக்கு பத்து மாசம், மொத்தம் இருபதா? பேப்பர்ல இருந்த வரைக்கும் இது யாரையும் தொந்தரவு பண்ணல, ரெண்டு பக்கத்துலயும் இருக்கிற கோஆர்டினேட்டருங்களுக்கு என்ன அர்த்தம்னு தெரியும். ஈடபிள்யூபில மொத்த மாசம்னு தனி ஃபீல்ட் இருக்கு, நீங்க 10 போட்டு அவங்க 20 போட்டா ரெண்டு பிரதியும் ஒத்துப்போகாது, அப்ரூவலும் ஆகாது. பாடப்பிரிவு கோடும் இதே கதைதான். நீங்க 0613னு நாலு இலக்கத்துல சாஃப்ட்வேர்னு போட்டிருப்பீங்க, அவங்க 061னு மொத்த ஐடி துறையையும் போட்டிருப்பாங்க, ரெண்டுமே தப்பில்ல, ஆனா ரெண்டும் ஒரே கோடு இல்ல. மொழித் தேவையில ஒருத்தர் பி1 நிலை போட்டிருப்பார், இன்னொருத்தர் அதுக்கு மேல பி2. இதை எந்த ஏபிஐயும் தீர்த்து வெக்காது, ஃபோனை எடுத்துப் பேசித்தான் தீர்க்கணும், அதைப் பேச வேண்டியவங்க இன்டர்நேஷனல் ஆபீஸ் ஆளுங்க. ஐடி டீம் ஆளை வெச்சு இதை முடிக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

ஒப்பந்தம் நடக்குற முறையைத் தெரிஞ்சுக்கிட்டா இது ஏன் இவ்வளவு முக்கியம்னு புரியும். நீங்க ஒரு ட்ராஃப்ட் போட்டு பார்ட்னருக்கு அறிவிப்பு அனுப்புறீங்க, அவங்க அதை எடுத்துப் பார்த்து தங்க பிரதியை உருவாக்கி அதுல தங்க ஐடியையும் உங்க ஐடியையும் சேர்த்து எழுதறாங்க, உங்களுக்குத் திருப்பி அறிவிப்பு வருது, நீங்க அதை எடுத்து ரெண்டும் ஒண்ணுதானான்னு பார்க்குறீங்க, அப்புறம் நீங்க அவங்க பிரதியை அப்ரூவ் பண்றீங்க, அவங்க உங்க பிரதியை அப்ரூவ் பண்றாங்க. அந்த அப்ரூவல் அந்த ஹாஷுக்கு மட்டும்தான் செல்லும், அப்புறமா ஒரு எண்ணை மாத்தினாலும் ஹாஷ் மாறிடும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ட்ராஃப்ட் போட்டுட்டா ஒரே ஒப்பந்தம் ரெண்டா நிக்கும், இதைச் சுத்தம் பண்றது பெரிய தலைவலி. யார் முதல்ல போடறதுன்னு பார்ட்னர்கிட்ட மெயில்ல பேசி வெச்சுக்கோங்க, ஒரு வரி மெயில் போதும்.

அந்த ஷீட்ல பார்க்க வேண்டியது இன்னொண்ணு, யுனிவர்சிட்டியோட அடையாளம். ஈடபிள்யூபில ஒரு யுனிவர்சிட்டியை ஷாக் (SCHAC) கோட் வெச்சு அடையாளம் காணறாங்க, அது பெரும்பாலும் அவங்க இணைய டொமைன்தான், வார்சா யுனிவர்சிட்டின்னா யூடபிள்யூ டாட் இடியூ டாட் பிஎல். ஆனா உங்க ஷீட்ல இருக்கிறது பழைய எராஸ்மஸ் கோடா இருக்கும், நாட்டு எழுத்து, ஊர் பேர், ஒரு நம்பர்னு. ஜெர்மனிக்கு 'டி', பெல்ஜியத்துக்கு 'பி', ஆஸ்திரியாவுக்கு 'ஏ'ன்னு ஒரே எழுத்து இருக்கிற நாடுங்களுக்கு அந்த எழுத்துக்கப்புறம் காலி இடம் விடணும், அதை ஒருத்தர் ஒரு ஸ்பேஸ் விட்டிருப்பார், இன்னொருத்தர் ரெண்டு, இன்னொருத்தர் விட்டிருக்கவே மாட்டார். கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற. ரெண்டு யுனிவர்சிட்டி ஒண்ணா இணைஞ்சு பேரும் டொமைனும் மாறின கேஸும் வரும், அதுக்காகவே ரெஜிஸ்ட்ரியில பழைய ஷாக் கோடையும் வெச்சுக்க ஒரு வசதி இருக்கு. கேட்டலாக்ல எராஸ்மஸ் கோடும் ஷாக் கோடும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அதை இறக்கி உங்க ஷீட்டோட பொருத்திப் பார்க்குற வேலையை முதல் வாரமே பண்ணுங்க.

டெக்னிக்கலா நீங்க எழுதறதா முடிவு பண்ணியிருந்தா, எக்கோ ஏபிஐல ஆரம்பிங்க, அது அனுப்பினதைத் திருப்பி அனுப்புற வேலை மட்டும் செய்யும், ஆனா சாவி, டிஜிட்டல் கையெழுத்து, மேனிஃபெஸ்ட் எல்லாம் சரியா இருந்தாத்தான் அது ஓடும். ஹெச்டிடிபி சிக்னேச்சர்ல, அதாவது அந்த டிஜிட்டல் கையெழுத்துல, மாட்டிக்கிற இடம் பெரும்பாலும் உங்க கோடுல இருக்காது, அதுக்கு முன்னாடி நின்னு ரிக்வெஸ்டை வாங்கி உள்ள அனுப்புற ப்ராக்சி சர்வர்ல இருக்கும். ப்ராக்சி ஹோஸ்ட் ஹெட்டரை மாத்தினா கையெழுத்து செல்லாது, பதிலை அதுவே ஜிப் பண்ணி அனுப்பினா டைஜஸ்ட் (பதிலோட உள்ளடக்கத்துக்கான ஹாஷ்) ஒத்துப்போகாது, யூஆர்எல்ல இருக்கிற சிறப்பு எழுத்துங்களை அது டீகோட் பண்ணி உள்ள அனுப்பினாலும் போச்சு. சர்வர் கடிகாரம் கொஞ்சம் பின்னாடி ஓடினாலே ரிக்வெஸ்டைத் தள்ளிடுவாங்க. அதனால நெட்வொர்க் டீம் ஆள் ஒருத்தரை முதல் நாள்லேர்ந்தே பக்கத்துல வெச்சுக்கோங்க. யாராவது உங்ககிட்ட அவங்களுக்குச் சம்பந்தமில்லாத ஐடியைக் கேட்டா எரர் குடுக்காதீங்க, அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கற மாதிரி அதை விட்டுட்டு மத்ததை மட்டும் குடுங்க, ஸ்பெசிஃபிகேஷன் சொல்றதும் அதுதான். எரர் குடுத்தா அந்த ஐடி இருக்குங்கறதையே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும், உள்ள இருக்கிறது மாணவரோட பேர், பிறந்த தேதி, குடியுரிமை எல்லாம்.

லேர்னிங் அக்ரிமெண்ட்தான் மாணவருக்கு நேரா வலிக்கிற இடம். எந்தப் பாடம் அங்க படிக்கிறார், எத்தனை ஈசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பாவுல பொதுவான பாட அளவு), இங்க அதுக்குப் பதிலா எதை ஒத்துப்பாங்க, இது கையெழுத்தாகாம கிளம்பிட்டா திரும்பி வந்தப்புறம் அந்த செமஸ்டரே கேள்விக்குறி ஆயிடும். ஐரோப்பாவுல டிகிரி படிச்சுட்டு இருக்கிற நம்ம ஊர் பசங்களும் எராஸ்மஸ்ல வேற நாட்டுக்கு ஒரு செமஸ்டர் போறாங்க, அவங்களுக்கு ரெசிடென்ஸ் பெர்மிட் வேலையும் இதோட சேர்ந்து ஓடும், ஒரு கையெழுத்து ரெண்டு வாரம் தள்ளிப்போறது அவங்களுக்குச் சின்ன விஷயம் இல்ல. ஈடபிள்யூபில இது நல்லாவே யோசிச்சு செஞ்சிருக்காங்க. ஒரிஜினல் அனுப்புற யுனிவர்சிட்டிகிட்ட, வாங்குற யுனிவர்சிட்டி ஒத்துக்கறேன்னோ இதை மாத்துங்கன்னு கமெண்ட் போட்டோ அங்க அனுப்பும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஐடி உண்டு. அவங்க பார்த்துட்டு இருக்கும்போதே மாணவர் இன்னொரு பாடத்தை மாத்திட்டார்னா, பழைய ஐடிக்கு வர்ற ஒப்புதலை உங்க சர்வர் ஏத்துக்காம திருப்பி அனுப்பணும். இந்தச் செக்கை அவசரத்துல விட்டுட்டா, யாருமே ஒத்துக்காத பாடத்துக்கு ஒப்புதல் இருக்கிற மாதிரி காட்டும், அதுல அடிபடறது மாணவர்தான். டெஸ்ட் பண்ணும்போது இந்த ஒரு கேஸை மட்டும் விடவே விடாதீங்க.

நாமினேஷன் பத்தி அதிகமா சொல்ல ஒண்ணும் இல்ல, லேர்னிங் அக்ரிமெண்ட் ஒழுங்கா ஓடினா அதுவும் ஓடும். ஐரோப்பிய மாணவர் அடையாள எண், ஈஎஸ்ஐ, அது தனி வேலை, எஜுகெய்ன் (யுனிவர்சிட்டி லாகின்களை நாடு தாண்டி இணைக்கிற சேவை) வழியா உங்க லாகின் சிஸ்டம் அதை வெளியில குடுக்கணும், ஐடென்டிட்டி டீம்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க, கடைசியில சொன்னா அதுக்காக எல்லாமே காத்துக்கிடக்கும்.

மார்க் ஷீட்டைப் பொறுத்தவரைக்கும், அது எல்மோங்கற எக்ஸ்எம்எல் வடிவத்துல போகும், படிப்பு ரிசல்ட்டை நாடு விட்டு நாடு அனுப்புற எம்ரெக்ஸ் ப்ராஜெக்டும் அதையேதான் பயன்படுத்துது. வடிவம் பிரச்சினை இல்ல, மார்க்குக்கு என்ன அர்த்தங்கறதுதான் பிரச்சினை. ஜெர்மனியில 1 உச்சம், 5 ஃபெயில். போலந்துல 5 உச்சம், 2 ஃபெயில். வெறும் நம்பரை அனுப்பினா வார்சாவுல நல்லாப் படிச்ச பொண்ணு பெர்லின்ல ஃபெயிலான மாதிரி தெரியும். அதுக்குத்தான் அந்தப் பாடத்துல எத்தனை சதவீதம் பேர் எந்த மார்க் வாங்கினாங்கங்கற விநியோகத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்றாங்க. இந்த விநியோகம் உங்க ஸ்டூடண்ட் சிஸ்டம்ல இருக்கா, யார் கணக்குப் போடறாங்கன்னு எக்ஸாம் ஆபீஸ்ல இப்பவே கேளுங்க, பல இடத்துல இதை யாரும் கணக்குப் போட்டதே கிடையாது. ரிசல்ட் வந்ததுலேர்ந்து சாதாரணமா அஞ்சு வாரத்துக்குள்ள மார்க் ஷீட் போகணும்னு விதி, அது தாமதமானா ஊருக்குத் திரும்பின மாணவர் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு பண்ண முடியாம, டிகிரி முடிக்க முடியாம உக்கார்ந்திருப்பார்.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டீங்கள்ல, ரெடிமேட் சாஃப்ட்வேர்னா நெட்வொர்க்ல பேர் வர்றது சில வார வேலை, ஷீட்டைச் சுத்தம் பண்றதுக்கு ஒரு முழு செமஸ்டர் வெச்சுக்கோங்க. இலையுதிர்கால செமஸ்டருக்கான நாமினேஷன் வசந்த காலத்துலயே குவிய ஆரம்பிச்சுடும், அந்த மாசங்கள்ல புதுசா லைவ் போகவே கூடாது. அக்டோபர், நவம்பர்ல நல்லா பேசக்கூடிய அஞ்சாறு பார்ட்னரைத் தேர்ந்தெடுத்து, முடிஞ்சா ஒவ்வொருத்தரும் வேற வேற சாஃப்ட்வேர்ல இருக்கிற மாதிரி பார்த்து, அவங்களோட ஒரு ஒப்பந்தம், ஒரு லேர்னிங் அக்ரிமெண்ட்னு முழுசா ஓட்டிப் பாருங்க. உங்க பார்ட்னர் லிஸ்ட்ல யார் யார் எந்த சாஃப்ட்வேர்ல இருக்காங்கன்னு கேட்டலாக்ல இருக்கிற ஏபிஐ அட்ரஸைப் பார்த்தாலே ஓரளவு தெரிஞ்சுடும். அந்தக் கணக்கை எடுத்துட்டு வந்து இங்க போடுங்க, எந்த அஞ்சாறு பேரோட ஆரம்பிக்கலாம்னு சேர்ந்து பார்த்துடலாம்.